மூன்று வாரம், ஐந்து நாடு, குறைந்த காசு: கணக்கு எங்கே இடிக்கிறது

நீங்கள் கேட்டது இது: முதல்முறையாக வெளிநாடு போகிறேன், முதுகில் ஒரு பை, கையில் மூன்று வாரம், பார்க்க நினைப்பது ஐந்து நாடுகள், ஒரு நாளைக்குக் குறைந்தது எவ்வளவு இருந்தால் ஓட்டிவிடலாம்? கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், பாதி வழியில் காசு தீர்ந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாள் செலவுக்கு யார் வேண்டுமானாலும் ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். அந்த எண்ணை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் முழிக்கிறார்கள்.

நான் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இரண்டு சீசன், பயணிகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் இரவுநேர வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். பயணம் போய்க் கற்றதைவிட அந்த மேசையில் உட்கார்ந்து கற்றது அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ராத்திரி ஒரு மணிக்கு வந்து "நாளைக்கே காலி செய்கிறேன், முன்பணத்தைத் திருப்பித் தர முடியுமா" என்று கேட்டவர்களில் ஒருவர்கூடச் சாப்பாட்டுக்கு அதிகமாகச் செலவழித்துவிட்டேன் என்று சொன்னதில்லை. இணைப்பு விமானத்தைத் தவறவிட்டது, பைக்கு விமான நிலையத்தில் தனியாகக் கட்டணம் கட்டியது, கார்டு முடங்கியது, ஊரை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்த விமான நிலையத்தில் நள்ளிரவில் இறங்கி டாக்ஸி பிடித்தது, இப்படித்தான் இருக்கும். அன்றாடச் செலவில் எவ்வளவுதான் கையை இறுக்கினாலும் இந்த மாதிரி ஒரே ஒரு தவறு நான்கு நாள் சிக்கனத்தை விழுங்கிவிடும்.

முதலில் ஐந்து நாடு கணக்கைப் பார்ப்போம். எல்லோரும் தங்க இவ்வளவு, சாப்பிட இவ்வளவு, சுற்றிப்பார்க்க இவ்வளவு என்று போட்டு 21-ஆல் பெருக்குகிறார்கள். ஆனால் செலவு நாள் கணக்கில் மட்டும் ஏறுவதில்லை, இடம் மாறும் கணக்கிலும் ஏறுகிறது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதென்றால் டிக்கெட் விலை மட்டுமா? தங்குமிடத்திலிருந்து நிலையத்துக்கு, அந்தப் பக்கம் நிலையத்திலிருந்து புதுத் தங்குமிடத்துக்கு, வழியில் நிலையத்து விலையில் சாப்பாடு, முதல் நாள் எந்தக் கடை மலிவு என்று தெரியாமல் கண்ணில் பட்டதில் வாங்குவது, எல்லை தாண்டினால் புது நாணயம், புது சிம் என்று நீளும். என் பழைய நோட்டுப் புத்தகங்களில் கூட்டிப் பார்த்தால், பக்கத்து ஊருக்கு மாறிய நாள்கூடச் சாதாரண நாளைப்போல ஒன்றரை மடங்காவது ஆகியிருக்கிறது, நாடு மாறிய நாள் இரண்டு மூன்று மடங்கு. இது என் கணக்கு மட்டும்தான், எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் திசை மாறாது. ஏழு ஊர் என்றால் ஆறு மாற்றம், மூன்று ஊர் என்றால் இரண்டு மாற்றம். அதே காசில் மூன்று ஊர்க்காரர் நிம்மதியாக இருப்பார், ஏழு ஊர்க்காரர் கையைப் பிசைவார். அதோடு ஒரே இடத்தில் ஒரு வாரம் இருந்தால் பல தங்குமிடங்களில் வாரக் கட்டணம் குறைவு, நகரப் போக்குவரத்துக்கு வாரச் சீட்டு எடுக்கலாம், சமையலறை இருந்தால் வாங்கிய எண்ணெயும் அரிசியும் வீணாகாது. ஆகவே என் முதல் யோசனை, ஐந்தை இரண்டாக்குங்கள். மனசு கேட்காவிட்டால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நாடுகளாக எடுத்துக்கொண்டு, ஒன்றில் இறங்கி மற்றதிலிருந்து திரும்பி ஏறும்படி டிக்கெட் தேடுங்கள். தேடும் பக்கத்தில் 'மல்டி சிட்டி' என்று இருக்கும். முதலில் இறங்கிய ஊருக்கே திரும்ப வந்து விமானம் ஏறுவதற்காக ஒரு நாளும் ஒரு டிக்கெட்டும் வீணாவது இதில் மிச்சம்.

விமான டிக்கெட்டில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். இரண்டு விமானம் மாறிப் போகும்போது, இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. இரண்டாவது விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். தேடல் தளங்களில் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பது இதைத்தான். இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. தனித்தனி டிக்கெட்டில் பை கடைசி ஊர்வரை போகாது, நடுவில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து பையை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அப்படி வெளியே வருவதற்கு அந்த நடு நாட்டின் விசா தேவைப்படலாம். அது இல்லாவிட்டால் கிளம்பும் இடத்திலேயே ஏற்றமாட்டார்கள். நான் முதல் பயணத்தில் மாட்டியது இதில்தான். கவுண்டரில் நின்றவர் நிதானமாக விளக்கினார், நான் கேட்டுக்கொண்டே டிக்கெட் பணம் போனதை மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மலிவு விமானங்களில் இறங்கும் இடத்தையும் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே சுமார் 85 கிலோமீட்டர். இப்படி உலகம் முழுக்க உண்டு. விமானம் இறங்கும் நேரத்தில் நகரத்துக்குப் பஸ் ஓடுமா என்று பார்த்துவிட்டு அந்தச் செலவையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்த்தால், சில சமயம் விலை கூடுதலாகத் தெரிந்த விமானமே மலிவாக முடியும். செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, இன்காக்னிட்டோவில் (தேடிய வரலாற்றைச் சேமிக்காத பிரவுசர் பக்கத்தில்) தேடினால் மலிவு என்றெல்லாம் சொல்வார்கள். நான் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன், எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தேதியை இரண்டு நாள் முன்பின் நகர்த்துவதும், கூட்டம் குறைந்த பருவத்தில் போவதும் நிச்சயமாக வேலை செய்கின்றன. பருவம் என்று சொல்லும்போது, மழைக்காலத்துக்குத் தள்ளுபடி என்று போய் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். உச்ச சீசனுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள வாரங்கள்தான் நல்லது.

அடுத்து விசா. இதில் நான் சொல்வதைவிட நீங்கள் போகும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் இருப்பதே கடைசி வார்த்தை, ஏனென்றால் விதி பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் வேறு, வருடத்துக்கு வருடம் வேறு. ஆனால் எல்லோருக்கும் பொதுவான சில விஷயங்கள் உண்டு. பல நாடுகள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கும், காலிப் பக்கங்களும் கேட்கும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள், அங்கே குறுகிய காலத் தங்கல் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் போகக்கூடாது. வெளியே போய்விட்டு வந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று நினைப்பது தவறு. அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் தாமதம். மறுத்தாலும் கட்டணம் திரும்பாது, ஆகவே விசா கைக்கு வருவதற்கு முன் திரும்பப்பெற முடியாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஒருவழி டிக்கெட்டில் போகிறவர்களிடம் 'இங்கிருந்து எப்போது கிளம்புகிறீர்கள்' என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். எல்லையில் கேட்பதைவிட விமானம் ஏறும் கவுண்டரிலேயே அதிகம் கேட்பார்கள், ஏனென்றால் உள்ளே விடப்படாத பயணியைத் திருப்பிக் கொண்டுவருவதும் பல இடங்களில் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். இதற்குப் போலி டிக்கெட் காட்டலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எல்லையில் பொய் ஆவணம் காட்டுவது எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் தகாது. திரும்பும் டிக்கெட்டையே வாங்கிவிடுங்கள், மூன்று வாரப் பயணத்துக்கு அதுதான் சரி. செலவுக்குப் பணம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். ஷெங்கன் நாடுகள் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தங்கள் அளவை வெளியிட்டே வைத்திருக்கின்றன. 'குறைந்தபட்சம் எவ்வளவு' என்ற உங்கள் கேள்விக்கு அதிகாரபூர்வமான பதில் என்று ஒன்று உண்டென்றால் அது அங்கேதான் இருக்கிறது.

கையில் இருக்கும் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயங்கள் சில. கார்டு மெஷினிலோ ஏடிஎம்மிலோ 'உங்கள் நாட்டுப் பணத்தில் எடுத்துக்கொள்ளவா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம். உங்கள் நாட்டுப் பணம் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் தன் இஷ்டத்துக்குப் போடுகிறார், உங்கள் வங்கி போடுவதைவிட அது ஏறக்குறைய எப்போதுமே மோசம். ஏடிஎம்மில் அதை மறுத்தால் பணம் வராதோ என்று பயப்படுவார்கள், வரும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நிலையான கட்டணம் பிடித்தால் சின்னச் சின்னத் தொகையாக எடுக்காமல் சேர்த்து எடுங்கள். இரண்டு கார்டு கட்டாயம், முடிந்தால் வெவ்வேறு வங்கி, ஒன்று பர்ஸில், மற்றது பையின் அடியில். அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: உங்கள் வங்கி ஓடிபி அனுப்புவது உங்கள் பழைய சிம்முக்கு. வெளிநாட்டில் அதைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டால் ஓடிபி வராது, டிக்கெட் வாங்க முடியாது. கிளம்புவதற்கு முன்பே அந்த எண்ணில் ரோமிங்கில் குறுஞ்செய்தி வர ஏற்பாடு செய்துவிட்டு, டேட்டாவுக்கு மட்டும் இசிம் (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே இயங்கும் சிம்) போட்டுக்கொள்ளுங்கள். மேசைக்கு வந்து அழுதவர்களில் இந்தக் கேஸ் மட்டும் ஒரு சீசனுக்கு ஏழெட்டாவது இருக்கும்.

உங்கள் பயத்துக்கு நேரடியான மருந்து என்றால், மொத்தப் பணத்திலிருந்து ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வேறு கணக்கில் போட்டு, அது இல்லாததுபோல நடந்துகொள்வதுதான். எவ்வளவு? அவசரமாக ஊர் திரும்பக் கடைசி நேரத்தில் வாங்கும் ஒருவழி டிக்கெட்டின் விலை, அதோடு மூன்று நாள் தங்கல், சாப்பாடு. இதை எடுத்து வைத்த பிறகு மிச்சம் இருப்பதை 21-ஆல் வகுத்தால் வரும் எண்தான் உங்கள் ஒரு நாள் செலவு. அது போக நினைக்கும் நாட்டுக்குப் போதவில்லை என்றால் நாட்டை மாற்றுங்கள், அல்லது நாட்களைக் குறையுங்கள். ஒதுக்கியதில் மட்டும் கைவைக்காதீர்கள்.

தங்குவதற்கு ஹாஸ்டல் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், நல்லதுதான். (ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப்போன இடத்தில் புயலில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோது தோன்றிய யோசனை இது. 1912-இல் ஆல்டனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. இன்றும் அந்தக் கோட்டையில் தங்கலாம்.) முதல் இரண்டு இரவுகளை மட்டும் முன்பதிவு செய்யுங்கள், மிச்சத்தை அங்கே போய்ப் பிடித்தால் பிடிக்காத இடத்தில் மாட்டிக்கொள்ளமாட்டீர்கள். உச்ச சீசனில் மட்டும் இது சரிவராது. மதிப்புரைகளில் சராசரி மதிப்பெண்ணைப் பார்க்காமல் கடைசி இரண்டு மாதத்தின் மோசமான மதிப்புரைகளைப் படியுங்கள், மூட்டைப்பூச்சி என்ற சொல் இரண்டு முறை வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். உள்ளே போனதும் பையைக் கட்டிலில் வைக்காமல் முதலில் மெத்தையின் தையல் ஓரங்களைத் தூக்கிப் பாருங்கள், சின்னக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அறை மாற்றச் சொல்லுங்கள். சொந்தப் பூட்டும் காதடைப்பானும் கையோடு இருக்கட்டும்.

காப்பீட்டை மிச்சம் பிடிக்கும் இடமாக நினைக்காதீர்கள். ஆனால் வாங்கிவிட்டால் போதும் என்பதும் இல்லை, விலக்குகள் பகுதியை ஒருமுறையாவது படியுங்கள். வாடகை ஸ்கூட்டர் விபத்துதான் மேசையில் நான் பார்த்ததில் அதிகம். உங்கள் உரிமத்தில் இருசக்கர வாகனப் பிரிவு இல்லையென்றாலோ, தலைக்கவசம் போடாவிட்டாலோ பல நிறுவனங்கள் கையை விரித்துவிடும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியிலும் 1949, 1968 என்று இரண்டு உடன்படிக்கைகளின் கீழ் இரண்டு வகை உண்டு, நீங்கள் போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். மலையேற்றம் என்றால் எத்தனை மீட்டர் உயரம்வரை காப்பீடு செல்லும் என்று பாருங்கள். சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும், ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும், 2016-லிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும். கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டால் பலனில்லை.

இனி எனக்கே இரண்டு மனசாக இருக்கும் விஷயங்கள். ராத்திரிப் பஸ்ஸில் போனால் ஒரு இரவு தங்கும் செலவு மிச்சம் என்பார்கள். மிச்சம்தான். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு இறங்கி, மத்தியானம் இரண்டு மணிக்குத் தரும் அறைக்காகத் தூக்கக் கலக்கத்தோடு அலைந்து, கடுப்பில் எதையாவது வாங்கித் தின்று, அன்றைய நாளும் போய்விடும். இருபத்திரண்டு வயதில் எனக்கு இது லாபமாகத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை. படுக்கை வசதியுள்ள ரயில் என்றால் வேறு கதை. ஐரோப்பாவின் இன்டர்ரெயில் போன்ற ரயில் பாஸ்களும் இப்படித்தான். 1972-இல் இளைஞர்களுக்கென்று தொடங்கிய அருமையான யோசனை, ஆனால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு நாடு மட்டும் போகிறவருக்கு முன்கூட்டி வாங்கிய தனி டிக்கெட்டுகளே மலிவாக முடியலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தங்கவும் சாப்பிடவும் இடம் கொடுத்தால் நாலைந்து மணி நேரம் வேலை செய்வது என்ற ஏற்பாட்டையும் கேட்டிருந்தீர்கள். 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் என்ற அமைப்பின் இயற்கை விவசாயப் பண்ணைகளிலிருந்து இன்றைய தளங்கள்வரை நிறைய உண்டு, நல்ல அனுபவம். ஆனால் சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகளின் சட்டப்படி அது வேலைதான், சுற்றுலா விசாவில் செய்யக்கூடாது. அதிலும் மூன்று வாரப் பயணத்தில் அதற்கு இடமே இல்லை, வேலையைக் கற்று முடிப்பதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும்.

பை விஷயம் சுருக்கமாக. 40 லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள். கைப்பைக்கு 7 கிலோ வரம்பு வைக்கும் மலிவு விமானங்கள் ஏராளம், பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பாமல் விடமாட்டோம். ஐந்து நாள் துணி, துவைத்தால் ராத்திரிக்குள் காயும் துணி, கனமான செருப்போ ஷூவோ காலில். திரவங்களுக்கு 100 மில்லி கணக்கு இன்னும் பெரும்பாலான இடங்களில் உண்டு. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பொதுவான வரம்பு 100 வாட் மணி (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு). 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் மணி, தாராளமாகப் போகும். ஆனால் மேலே எழுதியிருக்கும் எண் அழிந்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

நான் ஆண், உடம்பில் பெரிய குறை எதுவும் இல்லை, தனியாகப் போகிறவன். ராத்திரியில் எந்த நிலையத்தில் இறங்கலாம், எந்தப் பொது அறை பாதுகாப்பு என்பதில் தனியாகப் போகும் பெண்ணின் கணக்கும், தினம் மருந்து எடுப்பவரின் கணக்கும் வேறு. அதில் என் சொல்லை எடுத்துக்கொள்ளாமல் அப்படிப் போய்வந்தவர்களையே கேளுங்கள். எந்தப் பாஸ்போர்ட், எந்த மாதம், அந்த ஐந்தில் எந்த இரண்டை விடவே முடியாது, இந்த மூன்றையும் எழுதுங்கள். எந்த ஊரில் இறங்கி எங்கிருந்து திரும்புவது என்று உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.